ஆங்கில வகுப்பில் நாடகமும் நாவலும்
சித்தூர்ச் சீமையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

பிறந்த மண்ணை விட்டுப் புறத்தே வாழும் தமிழர் ஆண்டுக்கு ஒருமுறை ஒருங்கு கூடித் தம் மொழியையும் மரபையும் நினைந்து மகிழும் நாள் சங்கத்தின் ஆண்டு விழா நாளாகும். அந்நாளில் வெளிவரும் மலரில் ஆங்கில இலக்கியப் பாடத்தைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். அவ்வையம் இயல்பானதே. எனினும், நம்மவருடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று இலக்கியம் என்பதை முதன்முதலில் ஆங்கில வகுப்பிலேயே சந்திக்கின்றனர். நாடகம் என்றால் ஷேக்ஸ்பியர், நாவல் என்றால் டிக்கன்ஸ் என்றே அவர்கள் அறிகின்றனர். ஆதலால், அவ்வகுப்பு எவ்வாறு தோன்றியது, அது நம் நாட்டில் எதனை விளைத்தது, எதனை விளைக்கத் தவறியது என்பவற்றை ஆராய்தல் நம் கடமைகளுள் ஒன்றென்று கருதுகின்றோம்.

எல்லைச் சீமை

நாம் கங்காதர நெல்லூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். சித்தூருக்கு அண்மையில் உள்ள இவ்வூரைச் சுற்றிலும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கி வருகின்றன. சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்பது இங்கே புதுமையன்று. சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், வட ஆர்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லைத் திருத்தத்தின்படி திருத்தணியும் அதனைச் சார்ந்த பகுதிகளும் சென்னை மாநிலத்தை அடைந்தன. நம் ஊர்ப்புறம் ஆந்திரத்திலேயே நின்றது. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறி மாறி வரையப்பட்ட போதிலும் மக்களின் நாவில் இரு மொழிகளும் நிலைத்தே இருந்தன.

இத்தகைய சீமையின் உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு தனி நிலைமை இருந்தது. தாய்மொழிப் பாட வேளையில் தமிழ்ப் பிள்ளைகள் ஓர் அறைக்கும் தெலுங்குப் பிள்ளைகள் மற்றோர் அறைக்கும் செல்வர். ஆங்கிலப் பாடத்திற்கு எல்லாரும் ஒரே அறையில் கூடுவர். கம்பனும் போத்தனாவும் பிரித்து வைத்த பிள்ளைகளை ஷேக்ஸ்பியர் ஒரே பலகையில் அமர்த்தினார் என்று சொல்லலாம். இதனை வேடிக்கையாகக் கொள்ளினும் கொள்ளலாம். ஆயினும் இதனுள்ளே ஒரு வரலாறு அடங்கியுள்ளது.

ஆங்கில இலக்கியம் பாடமானது எவ்வாறு?

இந்தியரின் கல்விக்கென ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்குமாறு கிழக்கிந்தியக் கம்பெனியைப் பணித்தது 1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம். அத்தொகையை வடமொழி, அரபு மொழிக் கல்விக்குச் செலவிடுவதா, ஆங்கிலக் கல்விக்குச் செலவிடுவதா என்ற வழக்கு இருபது ஆண்டுகட்கு மேல் நீடித்தது. 1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே எழுதிய குறிப்பும், அதனைத் தொடர்ந்து மார்ச்சு மாதத்தில் பெண்டிங்கு பிரபு பிறப்பித்த ஆணையும் அவ்வழக்கை ஆங்கிலத்தின் பக்கம் முடித்து வைத்தன. சென்னையில் 1841ஆம் ஆண்டில் பவல் என்பாரின் தலைமையில் ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப் பெற்றது. அதுவே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு மாகாணம் முழுவதிலும் இருந்த பள்ளிகளுக்குத் தலைவாயிலாயிற்று. அவ்வாயிலைக் கடக்க விரும்பியவர் யாவராயினும் ஆங்கிலப் பாடத்தில் தேறியாக வேண்டும்.

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்திலேயே அக்காலத்தில் உயர்ந்த கல்வி என்பது கிரேக்க இலத்தீன் நூல்களைக் கற்பதாகவே இருந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகம் ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பாடத் துறையாக ஏற்றது 1894ஆம் ஆண்டில். கேம்பிரிட்ஜில் ஆங்கிலத்திற்கெனத் தனிப் பட்டத் தேர்வு வகுக்கப்பட்டது 1917ஆம் ஆண்டில். ஆகவே ஆங்கிலேயர் தம் நாட்டுப் பழம்பெரும் பல்கலைக் கழகங்களில் தம் இலக்கியத்துக்கு முழு இடம் அளிக்கு முன்பே, இந்திய மாணவர் அதனை வரி வரியாகப் படித்துத் தேர்வு எழுதிக் கொண்டிருந்தனர். கௌரி விசுவநாதன் என்னும் அறிஞர் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இதனை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். மத போதனையை வெளிப்படையாகச் செய்ய அஞ்சிய அரசு, இலக்கியத்தின் வாயிலாகத் தன் நாகரிகத்தின் உயர்வை மாணவர் உள்ளத்தில் பதிக்க விழைந்தது என்பது அவர் கருத்து. அரசின் நோக்கம் அதுவாக இருந்திருக்கலாம். ஆனால் விதைப்பவன் எண்ணியபடியே பயிர் விளைவதில்லை என்பதை நம் சீமையின் வரலாறே மெய்ப்பிக்கும்.

வகுப்பறையில் நடந்தது என்ன?

பழைய உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடநூல்கள் இருவகைப்பட்டன. ஒன்று 'டீடெயில்டு' எனப்படுவது. ஆசிரியர் சொல்லுக்குச் சொல் நின்று விளக்கிச் செல்வது. மற்றொன்று 'நான்-டீடெயில்டு' எனப்படுவது. கதையோட்டத்தை அறியும் பொருட்டு மாணவன் விரைந்து படிப்பது. முன்னதில் ஷேக்ஸ்பியரின் நாடகக் காட்சிகளும் கவிதைகளும் இடம் பெறும். பின்னதில் கோல்டுஸ்மித்தின் 'வேக்பீல்டு பாதிரியார்', டிபோவின் 'ராபின்சன் குரூசோ', டிக்கன்ஸின் நாவல்கள், லாம் என்பவரும் அவர் தமக்கையாரும் 1807ஆம் ஆண்டில் உரைநடையாக்கி வெளியிட்ட ஷேக்ஸ்பியர் கதைகள் போன்றவை இடம் பெறும். 1911ஆம் ஆண்டு முதல் மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாகச் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தபோதும் இப்பாகுபாடு மறையவில்லை. 1930களின் பிற்பகுதியில் ஏனைய பாடங்கள் தாய்மொழிக்கு மாறிய பின்பும் இது நிலைத்தது.

தேர்வில் வினாக்களும் வரையறைப்பட்டனவே. ஒரு பகுதியைக் கொடுத்து இடஞ்சுட்டி விளக்குக என்பர். அதாவது, இதனைச் சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், எவ்விடத்தில், எச்சூழ்நிலையில் என்று எழுத வேண்டும். பாத்திரத்தின் பண்பை விளக்குக என்பர். ஒரு கவிதையைப் பொழிப்புரையாக்குக என்பர். இவற்றுக்கெல்லாம் விடை தரும் 'நோட்ஸ்' புத்தகங்கள் மலிந்தன. நூலைத் திறவாமலே நோட்ஸை நெட்டுருச் செய்து தேறியவர் பலர். நூலையே படித்து அதில் தோய்ந்தவர் சிலர். அச்சிலரே பின்னர் நம் மொழிகளின் வரலாற்றை மாற்றினர்.

ஒரு கல்லூரியும் அதன் மாணவரும்

நம் சீமை மைந்தர் இருவரை இங்கே நினைவு கூர்தல் தகும். திருத்தணியில் 1888ஆம் ஆண்டில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1896ஆம் ஆண்டு முதல் 1900ஆம் ஆண்டு வரை திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றார். பின்னர் வேலூரில் பயின்று சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880ஆம் ஆண்டில் பிறந்த இராமலிங்க ரெட்டியாரும் அதே கல்லூரியில் கற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார்; ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராக 1926ஆம் ஆண்டில் அமர்ந்தார். அக்கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் விளங்கிய வில்லியம் மில்லர் ஷேக்ஸ்பியரிடம் பெரும் ஈடுபாடு கொண்டவர். 'லியர்', 'மாக்பெத்', 'ஹாம்லெட்', 'ஒதெல்லோ' ஆகிய நான்கு துன்பியல் நாடகங்களைப் பற்றியும் அவர் நூல்கள் எழுதினார். நாடகத்தை மனித வாழ்வின் நெறிகளை ஆராயும் களமாகக் காட்டுவது அவர் முறை.

அக்கல்லூரியில் பயின்ற தமிழர் வரிசையையும் காண்க. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையா, தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக் கொண்ட சூரியநாராயண சாஸ்திரியார் ஆகிய மூவரும் அக்கல்லூரியில் கற்றவர்களே. மில்லர் ஒருநாள் டென்னிசனின் கவிதையொன்றில் படகு அன்னம்போல் மிதந்து செல்வதாக வரும் உவமையை வியந்து பேசினாராம். உடனே சாஸ்திரியார், அதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே கம்பர் குகனுடைய ஓடத்தை அன்னத்தின் நடையோடு ஒப்பிட்டுப் பாடியுள்ளதை எடுத்துக் காட்ட, மில்லர் மகிழ்ந்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இச்செய்தி சிறிதே. ஆயினும் ஆங்கில வகுப்பு தமிழனுக்கு அளிக்கத்தக்க உயர்ந்த பயன் எது என்பதை இது விளக்கிவிடுகிறது. பிறர் நூலைக் கூர்ந்து நோக்கப் பழகிய கண், தன் நூலையும் அவ்வாறே நோக்கும்.

அச்சாஸ்திரியாரே 1897ஆம் ஆண்டில் 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலைத் தமிழில் இயற்றினார். வடமொழி நாடக மரபையும் ஆங்கில நாடக மரபையும் கற்று, அவற்றைத் தமிழுக்கு ஏற்ப வகுத்தவர் அவர். 1902ஆம் ஆண்டு அளவில் பல்கலைக் கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை விலக்கும் எண்ணம் தலைதூக்கிய போது, பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அதனை எதிர்த்து நின்றவரும் அவரே. மறு ஆண்டு, முப்பத்து மூன்று வயதில் மறைந்தார். ஆங்கிலம் நன்கு கற்றவர் தமிழை மறப்பர் என்னும் கூற்றுக்கு இவரினும் சிறந்த மறுப்பு வேண்டுமோ?

கட்டமஞ்சியார் செய்ததும் இத்தகையதே. பதினாறாம் நூற்றாண்டில் பிங்கலி சூரனா பாடிய 'கலாபூர்ணோதயம்' என்னும் தெலுங்குக் காவியத்தை, மேனாட்டுத் திறனாய்வு முறையில் கதை அமைப்பு, பாத்திரப் படைப்பு என்று பகுத்து ஆராய்ந்து 'கவித்வ தத்வ விசாரமு' என்னும் நூலை எழுதினார். அது தெலுங்குத் திறனாய்வு வரலாற்றில் ஒரு திருப்புமுனை என்பதைத் தெலுங்கறிஞர் யாவரும் ஒப்புவர். சித்தூர்ச் சீமையில் பிறந்த ஒருவர், ஆங்கில இலக்கியத்தால் பெற்ற பயிற்சியைத் தம் தாய்மொழிக்குத் திருப்பிச் செலுத்தினார்.

மதனப்பள்ளி பற்றியும் ஒரு சொல். அக்காலத்தில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரில், 1915ஆம் ஆண்டில் அன்னி பெசண்டு அம்மையார் முயற்சியால் ஒரு கல்லூரி எழுந்தது. அயர்லாந்தின் நாடக இயக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் அங்கே முதல்வராக இருந்தார். 1919ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய விருந்தினராகத் தங்கிய இரவீந்திரநாத தாகூர், 'ஜன கண மன' பாடலை அங்கேதான் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஓர் ஐரிஷ் கவிஞர் ஆங்கிலம் கற்பித்த ஊரில், ஒரு வங்கக் கவிஞர் தம் பாடலை ஆங்கிலமாக்கியமை நம் சீமைக்குக் கிடைத்த பேறாகும்.

புதிய நாவல்கள், புதிய நாடகங்கள்

பாடமாகப் படித்த நூல்களிலிருந்து புதிய நூல்கள் பிறந்தன. கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு 1878ஆம் ஆண்டில் தெலுங்கில் எழுதத் தொடங்கிய 'ராஜசேகர சரித்ரமு' கோல்டுஸ்மித்தின் 'வேக்பீல்டு பாதிரியார்' தந்த தூண்டுதலால் எழுந்தது. ஆயினும் அது வெறும் மொழிபெயர்ப்பன்று; ஆந்திர நாட்டுக் குடும்பத்தையும், சோதிடர் முதலியோரிடம் சிக்கிச் சீரழியும் எளிமையையும் அப்படியே காட்டுவது. 1887ஆம் ஆண்டில் அதுவே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு இங்கிலாந்து சென்றது. வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது போன்றது இது. தமிழில் அடுத்த ஆண்டே, 1879இல், வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. உரைநடையில் இத்தகைய கதை நூல் தமிழில் இல்லாக் குறையை நீக்கவே அதனை எழுதினார் அவர்.

நாடகத்தில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் கதையொன்றைத் தழுவி, ஷேக்ஸ்பியரைப்போல் ஐந்து அங்கங்களாக வகுத்து, ஆயினும் நம் அகவல் ஓசையிலேயே 'மனோன்மணீயம்' என்னும் நாடகக் காப்பியத்தை 1891ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே ஆண்டில் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகக் குழுவொன்றின் ஆட்டத்தைக் கண்டார் பம்மல் சம்பந்த முதலியார். அதுவரை தமிழ் நாடகங்களில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. தெலுங்கர் கற்றோர் கூடி இத்துணைச் சிறப்பாக நடிக்கும்போது தமிழில் ஏன் இயலாது என்ற எண்ணத்தோடு, அவ்வாண்டே நண்பரோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் கையில் 'ஹாம்லெட்' 'அமலாதித்தன்' ஆயிற்று. 'மாக்பெத்' 'மகபதி' ஆயிற்று. 'வெனிஸ் வணிகன்' 'வாணிபுர வணிகன்' ஆயிற்று. மாதவையா 'ஒதெல்லோ'வை 'உதயலன்' ஆக்கினார். பெயர்கள்கூடத் தமிழ்ச் செவிக்கு இயைந்து அமைந்தமை காண்க. தெலுங்கும் தமிழும் ஒன்றையொன்று தூண்டி வளர்ந்த இச்செய்தி, இரு மொழிகளுக்கும் நடுவே பிறந்த நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

நம் கையிலேயே இருந்த கருவி

இனி, அவ்வகுப்பு செய்யத் தவறியது யாது என்பதைக் கூறுவோம். நம் கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

தேர்வில் இடஞ்சுட்டி விளக்குக என்று கேட்டனர் அன்றோ? அதற்குரிய இலக்கணம் தமிழில் முன்பே உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகள் முப்பத்து நான்கு என வகுக்கிறது. அவற்றுள் கூற்று என்பது பேசுவோரைப் பற்றியது. கேட்போர் என்பது யாரிடம் பேசப்பட்டது என்பதைப் பற்றியது. களனும் காலமும் இடத்தையும் பொழுதையும் குறிப்பன. பயன் என்பது பேச்சால் விளைவது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி வெளிப்படுவது. எச்சம் என்பது சொல்லாமல் எஞ்ச விட்டு உணர்த்துவது. முன்னம் என்பது இன்னார் இன்னாரிடத்து இன்ன இடத்தில் கூறத்தக்க சொல் இது என்று அறியச் செய்வது. சங்கப் பாடல்கள் பலவற்றின் கீழும் பேசுவோரையும் சூழலையும் சுட்டும் துறைக் குறிப்புகள் நிற்கின்றன. உரையாசிரியர் வகுத்த பதவுரையும் பொழிப்புரையும் அகலவுரையும் ஆங்கில வகுப்பில் செய்யப்பட்ட பயிற்சிகளுக்கு எவ்வகையிலும் குறைந்தன அல்ல.

இக்கருவியை ஆங்கில நாடகத்தில் வைத்துப் பார்ப்போம். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சீசரின் உடலருகே நின்று ஆண்டனி பேசும் பேச்சைப் படியாத பழைய மாணவர் இரார். கூற்று ஆண்டனியுடையது. கேட்போர், சற்று முன்புதான் புரூட்டஸின் பேச்சால் மனம் மாறி நிற்கும் உரோம மக்கள். களன் பொது மன்றம். காலம், கொலையின் குருதி உலராத பொழுது. ஆண்டனி தொடக்கத்தில் புரூட்டஸை வெளிப்படையாகப் பழித்துரைப்பதில்லை. புகழ்ச்சொல் ஒன்றையே மீண்டும் மீண்டும் கூறுகிறான். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்புகழ்ச்சியின் பின்னே ஒரு நிகழ்ச்சியை வைக்கிறான். சொல் புகழ்கிறது, எச்சம் பழிக்கிறது. கேட்போர் எச்சத்தைப் பற்றிக் கொள்கின்றனர். அழுகையாகத் தொடங்கிய மெய்ப்பாடு வெகுளியாக மாறுகிறது. பயன், ஊர் பற்றி எரிகிறது. தொல்காப்பியர் சொற்கள் ஷேக்ஸ்பியருக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன!

மற்றொன்றும் காண்க. 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் வழக்கு மன்றக் காட்சியையும், சிலப்பதிகாரத்து வழக்குரை காதையையும் அருகருகே வைத்தால் ஒரு வகுப்புக்கு ஒரு மாதம் போதாது. இரண்டிலும் ஒரு பெண் அவையில் நின்று பேசுகிறாள். போர்ஷியா ஆண் வேடம் பூண்டு வழக்கறிஞராக வருகிறாள். கண்ணகி விரித்த கூந்தலும் ஒற்றைச் சிலம்புமாகத் தானாகவே வருகிறாள். போர்ஷியா முதலில் இரக்கத்தை வேண்டுகிறாள். பின்னர்ச் சட்டத்தின் ஒரு சொல்லைப் பிடித்து வழக்கை வெல்கிறாள். கண்ணகி இரக்கத்தை வேண்டவில்லை, நீதியைக் கேட்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டிய சான்று ஒன்றே போதுமானதாயிற்று. வெனிஸில் தோற்றவன் பொருளிழந்து வெளியேறுகிறான். மதுரையிலோ தீர்ப்புச் சொன்ன அரசனே தன் பிழையை உணர்ந்து உயிர் துறக்கிறான். இரு நாட்டார் நீதியைப் பற்றிக் கொண்ட எண்ணங்கள் இவ்விரு காட்சிகளிலும் எதிரெதிரே நிற்கின்றன.

இத்தகைய ஒப்பீட்டைப் பள்ளி ஏன் செய்யவில்லை? ஆசிரியர்மேல் மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. காலக் கணக்கைப் பாருங்கள். மெட்ரிகுலேஷன் தொடங்கியது 1857ஆம் ஆண்டில். தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது 1885ஆம் ஆண்டில். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887ஆம் ஆண்டில். சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு பதிப்பித்தது 1892ஆம் ஆண்டில். எனவே மாணவன் கையில் ஷேக்ஸ்பியர் அச்சுநூலாக இருந்த காலத்தில், இளங்கோவடிகள் பெரும்பாலும் ஏட்டுச் சுவடியிலேயே இருந்தார். பாடத்திட்டத்தின் வழக்கங்கள் உறுதிப்பட்ட பின்னரே நம் நூல்கள் வெளிவந்தன. பிந்தி வந்தவருக்குப் பந்தியில் இடம் கிடைக்கவில்லை.

அந்நூல்களை வெளிக்கொணர்ந்ததிலும் ஆங்கிலம் கற்றோருக்குப் பெரும் பங்கு உண்டு. பொருளதிகாரத்தை அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலக் கல்வி பெற்றவர். சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பட்டதாரி என்னும் சிறப்புடையவர். 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சாமிநாதையரைச் சந்தித்து, சிந்தாமணி முதலிய பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்று வினவி அவர் வாழ்வின் திசையையே மாற்றிய சேலம் இராமசுவாமி முதலியார், ஆங்கிலம் கற்று முன்சீபாக இருந்தவர். நோய் வந்த வழியே மருந்தும் வந்தது போலும்!

நம் ஊர்ப்புறத்தில் மற்றொரு செல்வமும் இருந்தது. சித்தூர்ச் சீமையின் ஊர்களில் திரௌபதியம்மன், தருமராசர் கோயில்களில் பாரத விழா நடப்பது வழக்கம். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. அருச்சுனன் தபசு மரம் ஏறுவதும், மண்ணால் அமைத்த துரியோதனன் உருவத்தின் மேல் இறுதிப் போர் நிகழ்வதும் சிறுவர் உள்ளத்தில் ஆழப் பதிவன. கர்ணன் தன் பிறப்பை அறிந்த பின்னும் நண்பனுக்காகவே போருக்குச் செல்லும் காட்சியை விடியுமளவும் விழித்திருந்து கண்ட பிள்ளைக்குத் துன்பியல் நாடகம் இன்னதென்று புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், இரவில் கண்டது கூத்து என்றும் பகலில் படித்தது இலக்கியம் என்றும் இரண்டையும் வேறாகவே வைத்துவிட்டது பள்ளி. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் இட்டிருந்தால் கூத்தும் மதிப்புப் பெற்றிருக்கும். ஷேக்ஸ்பியரும் எளிதில் விளங்கியிருப்பார்.

சுருங்கிய நூல்கள்

காலம் செல்லச் செல்ல நூல்களும் சுருங்கின. டாக்காவில் ஆசிரியப் பணி புரிந்த மைக்கேல் வெஸ்டு, இந்திய மாணவருக்கு ஆங்கிலத்தைப் பேசுவதினும் படிக்கும் ஆற்றலே முதலில் வேண்டும் எனக் கண்டு, 1920களில் சொற்களை எண்ணி வரையறுத்த எளிய வாசிப்பு நூல்களை ஆக்கினார். பெரிய நாவல்கள் அம்முறையில் சிறிய நூல்களாயின. கிராமத்துப் பிள்ளைக்கு இவை பெருந்துணை புரிந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் கதை நின்றது. கதை சொன்னவரின் குரல் மறைந்தது. டிக்கன்ஸின் நகைச்சுவை போய் நிகழ்ச்சிகள் மட்டுமே எஞ்சின. 1950களில் சென்னை மாகாணத்தில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பயிற்றும் புதிய திட்டம் வந்தது. 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆங்கில மொழிப் பயிற்சிக்கென நடுவண் நிறுவனம் அமைந்தது. இலக்கியம் மெல்ல ஒதுங்கி, மொழித்திறனே குறிக்கோளாயிற்று. இன்றைய பாடநூல்களில் ஷேக்ஸ்பியர் பெரும்பாலும் ஓரிரு பக்கக் கதைச் சுருக்கமாகவே தோன்றுகிறார். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில் 'டெம்பெஸ்ட்' நாடகம் உரைநடைக் கதையாக இடம் பெற்றிருப்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

மொழித்திறன் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பிழைப்புக்கு அது இன்றியமையாதது. ஆனால் ஒரு முழு நூலை முதல் ஏடு தொடங்கி இறுதி ஏடு வரை படித்து, ஒரு பாத்திரத்தோடு முரண்பட்டு, பின்னர் அதன் நிலையை உணர்ந்து, தன் கருத்தைத் தானே எழுதும் பயிற்சி வேறு. அப்பயிற்சியே ஆங்கில வகுப்பு நமக்குத் தந்த பெருங்கொடை. அதுவும் போய், தாய்மொழி நூலும் கைக்கு எட்டாமல் போனால், நம் பிள்ளைகள் இரு கரைகளையும் இழந்தவராவர்.

நாம் செய்யத்தக்கது

இந்நிலையில் புறநாட்டுத் தமிழ்ச் சங்கங்களின் கடமை யாது? பள்ளியின் பாடத்திட்டத்தை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் பள்ளி விட்ட இடத்தை நிரப்ப இயலும். இதற்கு முன்மாதிரியும் உண்டு. வ.வே.சு. ஐயர் 1921, 1922ஆம் ஆண்டுகளில் பல்லாரிச் சிறையில் இருந்தபோது, கம்பராமாயணத்தை வான்மீகி, ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரின் காவியங்களோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி எழுதினார். 1925ஆம் ஆண்டில் அவர் அருவியில் மறைந்தார். அவ்வரிய நூல் அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1950ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை வெளியிட்டது யார்? அப்போது தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த தில்லித் தமிழ்ச் சங்கம். தாயகத்திற்கு வெளியே வாழ்ந்த தமிழர் கூடிய ஒரு சங்கமே இதனைச் செய்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் சங்கம் அத்துணைப் பெரும்பணியை இன்றே மேற்கொள்ள வேண்டும் என்று கூறவில்லை. ஆண்டுக்கு ஒரு நூல் போதும். உயர்நிலை வகுப்பில் பயிலும் நம் பிள்ளைகளை மாதம் ஒருமுறை கூட்டுவோம். அவர்கள் பள்ளியில் படிக்கும் ஆங்கில நாடகத்தை முழு வடிவில், பகுதி பகுதியாக உரக்கப் படிக்கச் செய்வோம். அதற்கு இணையான தமிழ் நூலை அதனருகே வைப்போம்: 'வெனிஸ் வணிக'னோடு வழக்குரை காதையை, 'ஹாம்லெட்'டோடு 'அமலாதித்த'னை, 'வேக்பீல்டு பாதிரியா'ரோடு 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை. தமிழ் எழுத்தறியாத பிள்ளைக்குப் பெரியோர் படித்துக் காட்டுக. கேட்டாவது கற்க என்பது நம் முன்னோர் நெறியே. தெலுங்கு அறிந்த அன்பர் வீரேசலிங்கத்தையும் கட்டமஞ்சியாரையும் அறிமுகம் செய்க. இறுதியில், கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், மெய்ப்பாடு என்னும் ஆறு சொற்களைக் கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காட்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். சிறந்தவற்றை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம்.

திருப்பதியில் மிஷன் பள்ளிக்குச் சென்ற சிறுவரும் சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த சிறுவரும் பிறமொழி நூல்களைக் கற்றுத் தம்மை இழந்துவிடவில்லை. தம்மவருக்கு உரியதை இன்னும் தெளிவாகக் கண்டனர். அவர்களுக்குக் கிடைத்தவை நூலும் ஆசிரியரும் சிறிது ஓய்வு நேரமுமே. இம்மூன்றையும் நம் பிள்ளைகளுக்கு அளிப்பது சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அடுத்த ஆண்டு விழாவுக்குள் முதல் நூலை முடிப்போமாக.